சைலன்சர் மாட்டிய சாயங்காலம்

எங்கள் வீட்டு வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தால் கொல்லைக் கதவு நேராகத் தெரியும். பத்மநாப சுவாமி கோவிலுக்குப் பக்கத்தில், ஸ்ரீவராகத்தில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாமே அப்படித்தான். அகலம் ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடும், நீளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை என்று நிலைப்படிகள் ஒரே கோட்டில் நிற்கும். கல்யாணமாகி வந்த புதிதில், இதென்ன ரயில் பெட்டியா என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டேன். ஐம்பது வயதுக்கு மேல் ஏர் ரைபிள் சுட ஆரம்பித்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. போட்டிக்கு வேண்டிய தூரம் பத்து மீட்டர். கூடத்தில் நின்று சுட்டால், அடுக்களையைத் தாண்டிக் கொல்லைக் கதவை ஒட்டி வைத்த டார்கெட் அந்தத் தூரத்தில் கச்சிதமாக அமைந்துவிட்டது. கதவைத் தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் கனமான இரும்புத் தகடு சாத்தி, தகட்டின் முன்னால் டார்கெட் பெட்டியை வைத்துக்கொண்டேன். இந்த வீட்டைக் கட்டிய மகானுபாவன் யாரோ, அவருக்கு ஒரு நமஸ்காரம்.

துப்பாக்கி என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் இதுவரை ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. சுட்டதெல்லாம் காகிதம்.

என் கணவர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம், ஆபீஸ் விளையாட்டு விழாவில் பெண்கள் பிரிவுக்கு ஆள் போதவில்லை என்று என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். மியூசிக்கல் சேர் என்று நினைத்துக்கொண்டு போனேன். கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். அங்கே இருந்த கோச், மலையாளி, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மூச்சைப் பாதி விட்டு அப்படியே நிறுத்தி, விரலை மட்டும் அசையுங்கள் என்றார். செய்தேன். குண்டு எங்கே போயிற்று என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த ஒரு மூச்சு நேரம் என் தலைக்குள் யாருமே பேசவில்லை. இரண்டு வருஷமாக, டாக்டரை மாற்றியிருக்கலாமோ, முதல் நாளே கூட்டிப் போயிருக்கலாமோ என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்த தலை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோச் தோள் வலிக்கிறதா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அதற்கப்புறம் துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். சொந்தமாக ஒரு ரைபிளும் வாங்கினேன். சிறிய குழல், குறைந்த விசை உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு இங்கே லைசென்ஸ் வேண்டாம், அடையாள அட்டையைக் காட்டினால் போதும் என்று கோச்தான் கடைக்குக் கூட வந்து வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, குரங்குத் தொல்லையா மேடம் என்று கேட்டார். இல்லை, மனசுத் தொல்லை என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

இனி பக்கத்து வீட்டு மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். கிணறும் ஒன்றுதான். கொல்லைச் சுவர் கிணற்றின் குறுக்கே, அடியில் இடைவெளி விட்டு, மேலாகப் போகும். கிணற்று வட்டத்தில் பாதி எங்களுக்கு, பாதி அவர்களுக்கு. மோட்டார் வந்து எத்தனையோ காலமாயிற்று, இருந்தாலும் மாமியும் நானும் பேசுவது அந்தக் கிணற்றடியில்தான். அவர் தன் பக்கம் நின்று பேசினால் குரல் கிணற்றுக்குள் இறங்கி என் பக்கம் ஏறி வரும். மாமிக்கு எழுபதுக்கு மேல். மாமா கட்டிலோடு கிடக்கிறார். பேச்சும் ஞாபகமும் தெளிவு, கால்தான் எழும்பவில்லை.

காற்றுத் துப்பாக்கி வெடிக்காது. பட்டென்று ஒரு காற்றுச் சத்தம், அடுத்த கணமே இரும்புப் பெட்டியில் குண்டு மோதி டங்கென்று ஒரு சத்தம். நான் கேட்கும்போது அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் அது எப்படிக் கேட்கும் என்று நான் யோசிக்கவில்லை. வீட்டில் சுட ஆரம்பித்த வாரமே மாமி கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"என்னடீ அது, கண்ட நேரத்துல ஆணி அடிக்கறாப்பல?"

சொன்னேன்.

"சரி, சுட்டுக்கோ. ஆனா நெனச்ச நேரத்துக்குப் பாடில்லை, சுடப்படாது, கேட்டியா. அஞ்சுலேந்து ஆறு. விளக்கேத்தினப்பறம் ஒரு சத்தம் கேக்கப்படாது."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். ஆபீசிலிருந்து நாலரைக்கெல்லாம் ஓடி வந்துவிடுவேன். நல்ல வேளையாக நடக்கிற தூரம்தான். ஐந்து மணிக்கு, சுடும்போது புடவைமேல் போடுகிற கெட்டிக் கான்வாஸ் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நின்றால் ஆறு மணிக்குக் கழற்றுவேன். மாமி எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார் என்றே நினைத்திருந்தேன். ரேஞ்சில் நல்ல ஸ்கோர் வந்த நாளில் பழனிப் பஞ்சாமிர்தம் மாதிரி எதையாவது கொண்டுபோய்க் கொடுப்பேன். மாமி வாங்கிக்கொண்டு, சத்தம் தாங்கலைடீ என்று தவறாமல் சொல்லுவார்.

இதையெல்லாம் போனில் என் பிள்ளையிடம் ஒரு நாள் உளறிவிட்டேன். அவன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். தங்கமான பிள்ளை, ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். அவன் அப்பா போனதிலிருந்து ஒரே பாட்டு: இந்த வீட்டை விற்றுவிட்டுக் கழக்கூட்டம் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்குப் போ. லிஃப்ட் உண்டு, வாட்ச்மேன் உண்டு, ஒவ்வொரு அறையிலும் கேமரா வைத்து நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்வேன் என்பான். குளியலறையில் வழுக்கி விழுந்தால் அந்தக் குகையில் யாருக்கம்மா தெரியும் என்று கேட்பான். அவன் கேட்பது நியாயம்தான். அதுதான் எனக்கு ஆத்திரம். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. பத்து மீட்டர் நேர் நீளம் வேறு எந்த ஃபிளாட்டில் இருக்கிறது என்று சண்டை போடுவேன். அவன் சிரிப்பான்.

போன தடவை லீவில் வந்தபோது முடிவோடுதான் வந்தான். வந்த அன்றைக்கே, ஊருக்குத் திரும்பும் முன்னால் வீட்டுப் புரோக்கரை வரச் சொல்லியிருக்கிறேன் என்றான். ராத்திரி முழுக்கப் புரண்டேன். காலையில் கிணற்றடியில் மாமி, கண்ணெல்லாம் ஏன் இப்படி இருக்கு என்றார். தலை சுத்தறது மாமி, தூக்கம் இல்லை என்று மட்டும் சொன்னேன். ஃபிளாட் பேச்சை எடுத்தால் அங்கேயே உடைந்துவிடுவேன் என்று பயம்.

பிள்ளை மத்தியானம் ஆட்டோ பிடித்துக் கழக்கூட்டம் போய் இரண்டு மூன்று ஃபிளாட்டுகளைப் பார்த்துவிட்டு, ஐந்து மணி அடிக்க வீடு திரும்பினான். நான் ரைபிளை எடுத்துக்கொண்டிருந்தேன். இரு, உனக்கு ஒண்ணு கொண்டுவந்திருக்கேன் என்று பெட்டியைத் திறந்தான். சாக்லேட்டுக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் அடியில் துணியில் சுருட்டி, கறுப்பாக, டார்ச் லைட் பருமனில் ஒரு குழாய்.

"சைலன்சர்மா. இதை மாட்டிண்டா மாமிக்குக் கேக்கவே கேக்காது. ஃபிளாட்டுக்குப் போனாலும் யாரும் கம்ப்ளெய்ண்ட் பண்ண மாட்டா."

ஏர்போர்ட்டில் எப்படிக் கோட்டைவிட்டார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவன் எதையும் ஒளித்துக் கொண்டுவரவில்லை. அங்கே காற்றுத் துப்பாக்கிக் கடையில் பல்பு விற்கிற மாதிரி விற்கிறார்கள், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாது என்று அதை மாட்டிக்கொள்வது அங்கே மரியாதை என்றான். எனக்காக யோசித்திருக்கிறானே என்று மனசு இளகிப் போயிற்று. அவனே குழல் முனையில் அதைத் திருகினான். குண்டு மோதுகிற சத்தமும் கேட்கக்கூடாதென்று, டார்கெட் பெட்டிக்குள் பழைய மெத்தைப் பஞ்சை அடைத்து வைத்தான்.

சுட்டேன். யாரோ பெருமூச்சு விட்டமாதிரி இருந்தது, அவ்வளவுதான். இன்னொன்று சுட்டேன். அம்மாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். சின்ன வயசில் அவனும் அவன் அப்பாவும் சேர்ந்து ஏதாவது விஷமம் செய்துவிட்டு என்னைப் பார்த்து அப்படித்தான் சிரிப்பார்கள். பெருமை தாங்காமல் போனில் ஒரு படம் எடுத்துக் கோச்சுக்கு அனுப்பினேன்.

அடுத்த நிமிஷமே அவர் கூப்பிட்டார். ஹலோகூடச் சொல்லவில்லை.

"சேச்சி, அது ஆத்யம் ஊரி மாற்று. பின்னே ஸம்ஸாரிக்காம்."

முதலில் அதைக் கழற்று, பேச்சு அப்புறம் என்கிறார். அவர் குரல் அப்படி இறுகி நான் கேட்டதில்லை. பிறகு பொறுமையாக விளக்கினார். துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கிற சாமானை நம் நாட்டுச் சட்டம் தனியாகவே குறித்துவைத்திருக்கிறது, சாதாரண ஜனங்கள் வைத்துக்கொள்ளக் கூடாத வரிசையில். காற்றுத் துப்பாக்கிக்கு அது பொருந்துமா பொருந்தாதா என்று வக்கீல்கள் வாதாடலாம். அவர்கள் வாதாடி முடிக்கிறவரை சேச்சி கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தத் துப்பாக்கிக்காக வாங்கினாய் என்று போலீஸ் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருக்காது. போட்டியிலும் குழல் முனையில் அந்த மாதிரி எதையும் மாட்ட விடமாட்டார்கள். அதெல்லாம் போகட்டும், சுடுகிற சத்தம் கேட்டால்தான் வீட்டுக்குள் வருகிறவர்கள் சற்று நிற்பார்கள், சத்தமே இல்லாவிட்டால் வேலைக்காரி நேராகக் குறுக்கே வந்து நிற்பாள் என்றார்.

போனை வைத்துவிட்டுப் பிள்ளையிடம் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இது என்ன முட்டாள்தனமான சட்டம், அங்கே எல்லாரும் என்று ஆரம்பித்தான்.

"அங்கன்னா அங்க வச்சுக்கோ. நான் இருக்கறது இங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ ஏம்மா இங்கயே இருக்கணும்?"

அவ்வளவுதான், சைலன்சர் சண்டை ஃபிளாட் சண்டையாகிவிட்டது. அவன் குரலை உயர்த்தவில்லை. நானும் உயர்த்தவில்லை, கூடத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போட்டோம். குழாய் துப்பாக்கி முனையிலேயே இருந்தது. அப்போதுதான் கொல்லையிலிருந்து அந்தக் கூப்பாடு கேட்டது.

என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், ஆனால் அது பெயர் மாதிரியே இல்லை. கிணற்றின் அடியிலிருந்து, தண்ணீரில் மோதி, இரண்டு மடங்காக எழும்பி வந்தது. ரைபிளை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினேன். தகட்டையும் பெட்டியையும் பிள்ளை நகர்த்திக் கொடுத்தான். கதவைத் திறந்து கிணற்றடிக்குப் போய்க் குனிந்து பார்த்தால், அந்தப் பக்கச் சுவருக்கடியில் மாமியின் தலை தெரிந்தது. பாதி உடம்பு கிணற்று விளிம்பில் கவிழ்ந்திருந்தது. படி இறங்கவே கையைப் பிடித்துக்கொள்கிற மனுஷி.

"மாமி, எழுந்திருங்கோ, விழுந்துடப் போறேள்."

"எங்கடீ போய்த் தொலைஞ்சே?"

"இங்கதான் இருக்கேன் மாமி."

"பின்னே ஏன் சுடலை?"

"சுட்டேன் மாமி."

"பொய் சொல்லாதே. அஞ்சு மணிக்கே செவுத்துல முதுகைச் சாச்சுண்டு உக்காந்தாச்சு. ஒரு சத்தம் வரலை. காலம்பற தலை சுத்தறதுன்னே. பிள்ளை ஆட்டோல போனதைப் பாத்தேன், திரும்பி வந்ததைப் பாக்கலை. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுடுத்து."

உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது. கட்டிலிலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, இருக்காளா, இருக்காளா என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். இருக்கா, இருக்கா என்று மாமி பின்னால் திரும்பிச் சொன்னார்.

சத்தம் தாங்கலைன்னுதானே சொல்லிண்டிருந்தேள் என்று ஏதோ கேட்டேன்.

"தாங்கலைதான். டங்கு டங்குன்னு மண்டையில அடிக்கறது. அதுக்காக? அஞ்சுலேந்து ஆறுன்னு நேரம் வச்சது எதுக்குன்னு நெனச்சே? உங்காத்துக்காரர் போனப்பறம் நீ தனியா கெடக்கே. நாள் பூரா நான் செவுத்துல காதை வச்சுண்டு நிக்க முடியுமோ? ஒரு நேரம்னு இருந்தா அந்த நேரத்துக்கு வந்து உக்காந்துக்கலாம். ஒரு சத்தம் வரும், நீ இருக்கேன்னு தெரியும். அப்பறம் எழுந்து போய் விளக்கேத்துவேன்."

நான் அங்கேயே கிணற்று விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் நான் மாமிக்குத் தொல்லை கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமி என்னைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மெல்ல நடந்ததைச் சொன்னேன், பிள்ளை வந்தது, குழாய் கொண்டுவந்தது, சத்தமே இல்லாமல் சுட்டது எல்லாம்.

"நன்னாயிருக்கு. உத்ஸவத்துல பள்ளிவேட்டை ஆடப் பத்மநாப சுவாமியே போற போதுதான் மேளம் இல்லாமப் போறார். அம்பு விட்டாச்சுன்னா மேளமும் சங்குமாத்தான் கோவிலுக்குத் திரும்பறார். நீ என்ன அவரை விடப் பெரியவளா, சுட்டதே தெரியாம சுடறதுக்கு? கழட்டி எறி அதை."

திரும்பிப் பார்த்தேன். பிள்ளை கொல்லை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். எப்போதிலிருந்து நின்றானோ தெரியாது. உள்ளே போய்க் குழாயைத் திருகி எடுத்துத் துணியில் சுற்றினான். பெட்டியில் அடைத்த பஞ்சையும் பிய்த்து வெளியே எடுத்தான்.

மறுநாள் காலை கோச் எங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். ஒளித்துவைத்தால்தான் தப்பு, கொண்டுபோய்க் கொடுத்தால் கேட்கிறதைக் கேட்டுவிட்டு விடுவார்கள் என்றார். ஸ்டேஷன் படி ஏறும்போது, ரைபிளையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று கோச்சை இரண்டு தடவை கேட்டேன். அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண். மேஜைமேல் குழாயை உருட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்தார், மறுபடி குழாயைப் பார்த்தார்.

"அம்ம ஆரெ வெடி வெக்கானா?"

யாரைச் சுடுவதற்கு என்கிறார். யாரையும் இல்லை, காகிதத்தை என்றேன். அவர் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தது நன்றாகத் தெரிந்தது. பிள்ளைக்கு மட்டும் சரியான டோஸ் கிடைத்தது. எங்கே வாங்கினாய், யார் சொல்லி வாங்கினாய் என்று துருவித் துருவிக் கேட்டார். குழாயை வைத்துக்கொண்டார், ரைபிளைக் கேட்கவில்லை. அடுத்த தடவை சாக்லேட் மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று அவனை அனுப்பினார். அந்தப் பெண்ணும் கோச்சும் அன்றைக்கு என்னை எவ்வளவு பெரிய சங்கடத்திலிருந்து காப்பாற்றினார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் கை கூப்பத் தோன்றுகிறது.

ஆனால் புரோக்கர் விஷயம் அப்படியே நின்றது. அதற்கப்புறம் பிள்ளை அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேண்டாம் என்று அவனே சொல்லமாட்டானா என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். நானாகக் கேட்டு, இல்லை, அந்த ஆள் வரட்டும் என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்வது. அவன் ஊருக்குப் போகிற நாளும் நெருங்கிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம், நான் ஜாக்கெட்டை மாட்டும்போது, மாமியாத்துக்குப் போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் புரோக்கர் வருவதாக ஏற்பாடு.

வழக்கம்போல ஐந்து மணிக்கு ஆரம்பித்தேன். முதலில் ஒழுங்காகவே போயிற்று. நடுவில் ரைபிளைத் தூக்கிக் குறி வைத்தபோது, நிலைப்படிகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்தன. என் கணவர் காலையில் பேப்பரோடு அந்த நிலைப்படிகளில் இடித்துக்கொள்ளாமல் தலையைக் குனிந்து குனிந்து வருவது ஞாபகம் வந்தது. உயரமான மனுஷர். நாளைக்கு யாரோ வந்து இந்த நீளத்தை டேப் வைத்து அளக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவ்வளவுதான், டார்கெட் கரைந்து போயிற்று. ரைபிளை இறக்கி வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மூச்சை ஒருநிலைப்படுத்திக்கொண்டு மறுபடி தூக்கிச் சுட்டேன். டங்கென்று பெட்டியில் விழுந்தது. மீதியையும் சுட்டு முடித்தேன்.

ஆறு மணிக்குப் பிள்ளை திரும்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நடுவுல ஏம்மா அவ்வளவு நேரம்? மாமி எழுந்து நின்னுட்டா. செவுத்துல கையை வச்சுண்டு நிக்கறா. மாமா அங்கேருந்து என்னாச்சு, என்னாச்சுங்கறார். நான் ஓடி வரலாம்னு வாசல் வரைக்கும் வந்துட்டேன். அப்பறம்தான் சத்தம் வந்தது. மாமி அப்படியே உக்காந்துட்டா."

"கண்ணுல ஜலம் வந்துடுத்துடா. குறி தெரியலை" என்றேன்.

அவன் போனை எடுத்துப் புரோக்கரைக் கூப்பிட்டு, நாளைக்கு வரவேண்டாம், எப்போதுமே வரவேண்டாம், அம்மா எங்கேயும் போகவில்லை என்று மலையாளத்தில் சொல்லி வைத்தான். நான் கான்வாஸ் ஜாக்கெட்டின் பட்டனைக் கழற்ற முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தேன். கிட்ட வந்து அவனே ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டான்.

"இனிமே அழணும்னா ஆறு மணிக்கு மேல அழு" என்றான். "அதுக்கு முன்னாடி வேண்டாம்மா. அங்க ரெண்டு பேர் பயந்து போயிடறா."